கரகரத்த குரலும் கூட்டப் பாட்டும்: பாஸ்டர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பாடியதை முதல் தடவை கேட்கிறவர்களுக்கு ரெக்கார்டில்தான் ஏதோ கீறல் விழுந்திருக்கிறது என்று தோன்றும். அப்படி ஒரு குரல். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டுக் காலையில் பாட உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேல் ஸ்தாயியில் நிற்காது, நீட்ட வேண்டிய இடத்தில் பிசிறும், சில வரிகளில் பாட்டு நின்றுபோய் வெறும் பேச்சாகிவிடும். நல்ல குரலுக்குப் பஞ்சமே இல்லாத இடம் அமெரிக்கக் கறுப்பின சபைகள். பெயர்பெற்ற காஸ்பெல் பாடகி மஹாலியா ஜாக்சன் குடியிருந்த அதே சிகாகோவில் பிறந்து, இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒருவர் 'காஸ்பெல் இசையின் ராஜா' என்று பெயரெடுத்தார் என்றால், அது விசாரிக்க வேண்டிய விஷயம்தான்.

விசாரித்தவரையில் எனக்குப் படுவது இது: குரல் போனதுதான் அவருடைய மூலதனம். தன்னால் எட்ட முடியாத சுரத்தை எட்டுவதற்கு ஒரு கூட்டத்தையே பின்னால் நிறுத்தினார். அந்தக் கூட்டத்துக்குப் பாட்டு வேண்டும், எழுதினார். பாட்டைக் கற்றுக்கொடுக்க இடம் வேண்டும், ஒரு மாநாட்டையே உண்டாக்கினார். கடைசியில் சபையும் கட்டினார். பாடகர், போதகர், வாத்தியார், ரெக்கார்டு வியாபாரி என்று நாலு ஆளாக வேலை பார்த்தார். நாலுக்கும் வேர் ஒன்றுதான்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இங்கே காஸ்பெல் என்பது நாம் பொதுவாகக் கிறிஸ்தவப் பாட்டு என்று சொல்கிறோமே, அது இல்லை. தென்மாநிலங்களின் பருத்திக் காட்டை விட்டு சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே பிழைக்கப் போன கறுப்பின மக்கள், பழைய ஆராதனைப் பாட்டையும் புளூஸ் என்கிற தங்கள் நாட்டுப்புற இசையையும் சேர்த்து 1920களிலும் 30களிலும் உருவாக்கிய தனி இசை அது. அதன் தகப்பன் என்று தாமஸ் டோர்ஸியைச் சொல்வார்கள். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், மா ரெய்னி என்ற பாடகிக்குப் பியானோ வாசித்துத் திரிந்த புளூஸ்காரர். 1932இல் பிரசவத்தில் மனைவியும், அடுத்தே குழந்தையும் இறந்துபோன துக்கத்தில் 'பிரெஷஸ் லார்ட்' பாட்டை எழுதினார். மரியாதையான சபைகள் பல ஆரம்பத்தில் இவர் இசையை உள்ளே விடவில்லை. சாராயக் கடை இசையைப் பீடத்துக்குக் கொண்டுவருகிறான் என்றார்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருந்த பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை அவரைப் பாடகர் குழுத் தலைவராக வைத்துக்கொண்டது. யூத ஆலயமாக இருந்து கைமாறிய பெரிய கட்டடம். 2006 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, சுவர்கள்தான் மிஞ்சின.

அந்தச் சபையின் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர் கிளீவ்லண்டின் பாட்டி. பையன் 1931 டிசம்பர் 5 அன்று பிறந்தவன். வீட்டில் விட்டுவிட்டு வர முடியாதென்று பாட்டி ஒத்திகைக்கும் கூட்டிக்கொண்டு போனார். இப்படித்தான் டோர்ஸியின் கண்ணில் பட்டான். எட்டு வயதில் சபையில் தனியாக நின்று பாடினான், அப்போது மணி மாதிரிக் குரல்.

ஜன்னல் கட்டையில் பியானோ

வீட்டில் பியானோ வாங்க வழியில்லை. அப்பா கூலி வேலைக்காரர், காலமோ பெரும் பொருளாதார மந்தம். சபையில் ரொபர்ட்டா மார்ட்டின் பியானோ வாசிக்கும்போது அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்து ஜன்னல் கட்டையில் இருந்த வெட்டுகளையும் பள்ளங்களையும் கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை என்று மனதில் வைத்து ராத்திரி ராத்திரி அதில் பழகினான். சத்தமே வராத பியானோ. பெரியவரான பிறகு இதை அவரே சொல்லியிருக்கிறார். இசைக்காரர்களைப் பற்றி இந்த மாதிரிக் கதைகள் நிறைய உலவும், பாதியை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், ஏனென்றால் அவருடைய வாசிப்பே அதற்குச் சாட்சி. சுரத்தைக் காதால் தேடிப் போகிற வாசிப்பு அல்ல. கை எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிற வாசிப்பு.

பேப்பர் போடும் வேலையும் பார்த்தான். அவன் பேப்பர் போடும் வீடுகளில் மஹாலியா ஜாக்சனின் வீடும் ஒன்று. பேப்பரை வைத்துவிட்டு, உள்ளே அவர் பாடுகிறாரா என்று கதவோரம் காதைக் கொடுத்து நிற்பானாம்.

அப்புறம் மகரக்கட்டு உடைந்தது. அந்த வயதில் தொண்டையை அலட்டாமல் வைத்திருக்க வேண்டும். நம்மூர்ப் பாட்டு வாத்தியாரும் அதைத்தான் சொல்வார். இவன் கேட்கவில்லை. தெருப் பையன்களோடு தார்ன் க்ரூசேடர்ஸ் என்ற குழுவில் சேர்ந்து, வராத மேல் சுரத்தைப் பிடித்து இழுத்துப் பாடிக்கொண்டே இருந்தான். அந்தக் குழுவில் எட்டு வருஷம். அதற்குள் தொண்டை போனது போனதுதான். கரகரப்பு கடைசி வரை நின்றுவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். இவர் பாட்டு எழுத ஆரம்பித்தார். பதினாறு வயதில், பில்கிரிம் சபையின் இளையோர் குழுவுக்காக எழுதிய பாட்டு கிருபை போதும் என்பதைப் பற்றியது. 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற வசனம் நம் கிறிஸ்தவ வீடுகளின் காலண்டரில் எல்லாம் தொங்குவதுதான், 2 கொரிந்தியர் 12:9. உடம்பில் ஒரு முள்ளை வைத்துக்கொண்டு, அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில் அது. குரலைத் தொலைத்துக்கொண்டிருந்த பையன் அந்த வசனத்தில் போய் நின்றது தற்செயலாகவே இருக்கலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. ரொபர்ட்டா மார்ட்டின் இவருடைய பாட்டுகளை வாங்கிப் பதிப்பித்தார், தன் குழுவைப் பாடவும் வைத்தார். ஜன்னல் கட்டையில் யாரைப் பார்த்துப் பழகினாரோ அவரே.

பேசிப் பாடுகிற வழி

1950களின் நடுவில் ஆல்பர்டினா வாக்கர் நடத்திய கேரவன்ஸ் குழுவில் பியானோ வாசிக்கவும் பாட்டுக்கு ஏற்பாடு செய்யவும் சேர்ந்தார். பெண்கள் குழு அது, ஒவ்வொருவரும் தனியாக நின்றாலே சபை எழுந்து நிற்கும் குரல்காரிகள். பின்னாளில் வட கரோலினாவின் ராலே நகரில் சபை நடத்திய பாஸ்டர் ஷெர்லி சீசர் பாடி வளர்ந்ததும் இந்தக் குழுவில்தான். இவர்களோடு குரலில் போட்டிபோட முடியுமா? கிளீவ்லண்ட் போடவில்லை. பாட்டு ஆரம்பிக்கும் முன் பியானோவை மெல்ல வாசித்துக்கொண்டே பேசினார். சின்னதாக ஒரு பிரசங்கம், ஒரு அனுபவம், ஒரு வேதவசனம். பேச்சு சூடேறிக்கொண்டே போய் எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று கேட்பவருக்குத் தெரியாது. உயரத்தில் பெண்கள் பாட, அடியில் இந்தக் கரகரப்பு ஓடும். பளபளப்பான பட்டுக்குச் சணலில் கரை வைத்த மாதிரி.

கறுப்பினப் பிரசங்கியார்களுக்கு இது புதிதில்லை. பிரசங்கத்தின் கடைசிப் பகுதியில் ராகம் போட்டுச் சொல்வதும், சபை 'ஆமென்', 'இன்னும் சொல்லுங்கள்' என்று எதிர்க்குரல் கொடுப்பதும் பழைய வழக்கம். அதைத் திருப்பிப் போட்டு, பாட்டுக்குள் பிரசங்கத்தைக் கொண்டுவந்ததில்தான் கிளீவ்லண்டின் கை இருக்கிறது. போதகராக அபிஷேகம் பெற்றது பிற்பாடு, 1960களில். தொழில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேரவன்ஸை விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாகச் சில வருஷம் ஓடியது. டெட்ராய்ட்டில், நாடறிந்த பிரசங்கியாரான சி. எல். ஃபிராங்க்ளினின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் இசைப் பொறுப்பு கிடைத்தது. அவர் வீட்டிலேயே தங்கினார். அந்த வீட்டில் பியானோவைத் தானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்கு இவர் வாசிப்பு பாடமாக அமைந்தது. அந்தப் பிள்ளை அரீதா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

டெட்ராய்ட்டிலேயே வாய்சஸ் ஆஃப் டேபர்நேக்கிள் என்ற பெரிய பாடகர் குழுவோடு சேர்ந்து 'தி லவ் ஆஃப் காட்' பாட்டைப் பதிவு செய்தார். அது நன்றாகப் போனது. அதுவரை காஸ்பெல் ரெக்கார்டு என்றால் பெரும்பாலும் நாலைந்து பேர் கொண்ட குழு அல்லது ஒற்றைப் பாடகர். சபையின் முழுப் பாடகர் குழுவையும் ரெக்கார்டில் போட்டு விற்கலாம் என்பதற்கு இது ஒரு சோதனை மாதிரி ஆயிற்று.

1963 செப்டம்பர் 19, நியூவார்க்

இந்த ஆய்வின் நடு இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சவாய் ரெக்கார்ட்ஸ் நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் இருந்த கம்பெனி. முதலாளி ஹெர்மன் லுபின்ஸ்கி, காசில் கறார் என்று பெயரெடுத்தவர். பக்கத்திலேயே நட்லி என்ற சின்ன ஊர். அங்கே ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகர் லாரன்ஸ் ராபர்ட்ஸ், சவாயில் ரெக்கார்டு தயாரிப்பாளரும்கூட. அவர் சபையின் பாடகர் குழுவுக்கு ஏஞ்சலிக் கொயர் என்று பெயர். தொழில்முறைப் பாடகர்கள் கிடையாது. பகலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஒத்திகைக்கு வருகிற சபை மக்கள். கிளீவ்லண்டையும் இவர்களையும் சேர்த்து, ஆராதனை நடக்கிற மாதிரியே ஆட்களை உட்காரவைத்து, நேரடியாகப் பதிவு செய்வது என்று ஏற்பாடு. முதல் இரண்டு ஆல்பம் வந்துவிட்டன. மூன்றாவதற்கு நட்லி சபையில் கட்டட வேலை நடந்ததால், நியூவார்க்கின் டிரினிட்டி டெம்பிள் என்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் ஆலயத்தில் கூடினார்கள். வியாழக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 15 அன்று, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நாலு சிறுமிகள் செத்திருந்தார்கள். நாடு முழுக்கக் கறுப்பின சபைகளில் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆலயத்துக்குள் போய் உட்காருவதே பயமான வாரம்.

அன்று அவர்கள் எடுத்த முக்கியமான பாட்டில் அந்தக் குண்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எப்படி இருக்கும், 1874இல் எழுதிய பாட்டு. மேரி ஆன் பேக்கர் என்ற சிகாகோ பெண்மணி, தன் சகோதரன் காசநோயில் இறந்துபோன துயரத்துக்குப் பிறகு எழுதியது. மெட்டுப் போட்டவர் ஹொரேஷியோ பால்மர். மாற்கு 4ஆம் அதிகாரக் காட்சிதான் பாட்டு. கடலில் புயல், படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள்: 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?' அவர் எழுந்து கடலைப் பார்த்து, 'இரையாதே, அமைதலாயிரு' என்கிறார்.

வெள்ளையர் சபைப் பாட்டுப் புத்தகத்தில் இருந்த இந்தப் பாட்டைக் கறுப்பின சபைக்கு ஏற்றபடி மாற்றியமைத்தவர் க்வெண்டலின் லைட்னர் என்ற பியானோ கலைஞர். கிளீவ்லண்ட் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். முதலில் தனியாகத் தொடங்குகிறார், அவசரமே இல்லை. கரகரத்த குரலில் 'போதகரே' என்று கூப்பிடும்போது அழகு ஒன்றும் இல்லை. அலையில் நனைந்து குளிரில் நடுங்குகிற ஒருவன் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. பின்னால் கூட்டம் அலை அலையாக ஏறி முழுச் சத்தத்தில் நிற்கிறது. 'அமைதலாயிரு' என்ற இடம் வந்ததும் அத்தனை பேரும் சட்டென்று அடங்கிக் கிசுகிசுப்பாக அதைச் சொல்கிறார்கள். திரும்ப ஏறுகிறது, திரும்ப அடங்குகிறது. சத்தமாகப் பாடுவது எந்தக் குழுவுக்கும் எளிது. அவ்வளவு பேர் ஒரே மூச்சில் சத்தத்தைக் கீழே இறக்குவதுதான் கஷ்டம். வேலைக்குப் போய் வந்த மனிதர்கள் அதைச் செய்திருக்கிறார்கள் என்றால் எத்தனை ராத்திரி ஒத்திகை ஓடியிருக்கும்!

குண்டு வெடித்து நாலாவது நாள் கறுப்பினக் கூட்டம் ஒன்று 'நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்று பாடினால், அர்த்தத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாட்டு, புதிய வாரம்.

'பீஸ் பீ ஸ்டில்' என்ற அந்த ஆல்பம் விற்ற கதை தனி. காஸ்பெல் ரெக்கார்டு சில ஆயிரம் போனாலே கம்பெனிக்குச் சந்தோஷம் என்றிருந்த காலம். இது 8 லட்சத்துக்கும் மேல் விற்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வாங்கியவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்பின மக்கள். வெள்ளையர் வானொலியின் தயவில்லாமல், சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு போய் விற்ற ரெக்கார்டு.

வியாபாரக் கண்ணோடும் இதைப் பார்க்க வேண்டும். ஆலயத்தில் பதிவு செய்தால் ஸ்டூடியோ வாடகை இல்லை. சபையாரின் கைதட்டும் அல்லேலூயாவும் காசில்லாமல் கிடைக்கிற பக்கவாத்தியம். குழுவில் இருக்கிற ஒவ்வொருவரின் குடும்பமும் சொந்தக்காரரும் ஒரு ரெக்கார்டு வாங்குவார்கள். பிற்பாடு 'ஜேம்ஸ் கிளீவ்லண்ட் வழங்கும்' என்று தலைப்புப் போட்டு ஊர் ஊராக அறிமுகமில்லாத பாடகர் குழுக்களை சவாய் வெளியிட்டது. சில ஆல்பங்களில் அவர் பங்கு சொற்பம்தான், ஆனாலும் அட்டையில் பெயர் பெரிதாக இருக்கும். கூட்டத்தின் உழைப்பு ஒரு பெயரில் போய்ச் சேர்ந்தது என்று குறை சொன்னால் என்னால் மறுக்க முடியாது. அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தக் குழுக்களின் பாட்டு அவரவர் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது என்பதும் உண்மைதான்.

வாத்தியார், பாஸ்டர்

1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். ரெக்கார்டு கேட்ட சபைகள் எல்லாம் அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டன, ஆனால் நோட்டுப் புத்தகம் கிடையாது. காஸ்பெல் பாடகர் குழு பெரும்பாலும் மூன்று குரலில் பாடும், சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனார் (ஆண்களின் மேல் குரல்). தலைவர் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகப் பாடிக் காட்டுவார், அவர்கள் காதால் பிடித்து மனப்பாடம் செய்வார்கள். புத்தகத்தைப் பார்த்து நாலு குரலில் பாமாலை பாடுகிற நம் ஊர்க் கொயர் முறையிலிருந்து இது வேறு. எனவே கற்றுக்கொடுக்க ஆள் நேரில் வர வேண்டும், அல்லது கற்க வேண்டியவர்கள் ஓரிடத்துக்கு வர வேண்டும்.

கிளீவ்லண்ட் இரண்டாவதைச் செய்தார். 1967இல் காஸ்பெல் மியூசிக் வொர்க்ஷாப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பை ஆரம்பித்தார், அடுத்த வருஷம் டெட்ராய்ட்டில் முதல் மாநாடு. மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். டோர்ஸி 1930களிலேயே பாடகர் குழுக்களுக்கு ஒரு மாநாடு நடத்தி வந்தவர்தான், குருவின் வழியைச் சீடர் பெரிதாக்கினார். ஒரு வாரம் முழுக்கப் பகலில் வகுப்பு: குரல் பயிற்சி, பியானோ, ஆர்கன், குழுவை நடத்துவது, பாட்டு எழுதுவது. ராத்திரி பாட்டு. பல ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு மகா குழு, அதன் பாட்டுகளும் ரெக்கார்டாக வரும். ஊருக்குத் திரும்புகிற பாடகர் குழுத் தலைவர் நாலு புதுப் பாட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவார், அடுத்த மாதம் அந்த ஊர்ச் சபையில் அது ஒலிக்கும். இன்டர்நெட் வராத காலத்தில் ஒரு பாட்டு நாடு முழுக்கப் பரவ இதைவிடச் சுருக்கமான வழி இருந்திருக்காது. அவர் குழுக்களின் பாணியும் இப்படித்தான் பரவியது. முக்கியமாக, பாட்டின் கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் குழு பாடிக்கொண்டிருக்க, முன்னால் ஒருவர் அதன்மேல் நினைத்தபடி ஏறி விளையாடுவது. அந்தப் பகுதிக்கு 'வாம்ப்' என்று பெயர். எத்தனை நிமிஷம் ஓடும் என்பது அன்றைய ஆவியைப் பொறுத்தது.

1970இல் கார்னர்ஸ்டோன் இன்ஸ்டிடியூஷனல் பாப்டிஸ்ட் சபையை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கினார். ஆரம்பத்தில் நூறு பேர்கூட இல்லை. அவர் சாகும்போது ஏழாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்று சொல்வார்கள். ஊர் ஊராகக் கச்சேரி, மாநாடு, ரெக்கார்டிங் என்று அலைகிற ஒருவர் சபையையும் எப்படி நடத்தினார் என்று எனக்கு ஆச்சரியம்தான். அவரைப் பொறுத்தவரை மேடைக்கும் பிரசங்க பீடத்துக்கும் இடையில் சுவர் இல்லை. கச்சேரிக்குப் போனாலும் ஆராதனைதான் நடத்தினார். அதிகக் காசு தருகிறோம் என்று காதல் பாட்டுப் பக்கம் இழுத்தவர்களோடு அவர் போகவும் இல்லை. அவருக்குத் தெரிந்தவர்களில் எத்தனையோ பேர் போனார்கள், அரீதா உட்பட.

அரீதா திரும்பி வந்தபோது

1972 ஜனவரி 13, 14, வியாழனும் வெள்ளியும். அரீதா ஃபிராங்க்ளின் அப்போது நாட்டின் முதல் வரிசைப் பாடகி. சபைப் பாட்டிலேயே ஒரு ஆல்பம் எடுக்க வேண்டும், அதுவும் ஆலயத்தில் என்று முடிவு செய்தார். இடம், தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சபை, ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்த கட்டடம். கூடப் பாடுவது கிளீவ்லண்ட் உருவாக்கிய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர். குழுவை நடத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, பாஸில் சக் ரெய்னி, கிட்டாரில் கார்னெல் டுப்ரீ. பியானோவிலும் மைக்கிலும் கிளீவ்லண்ட்.

இரண்டு ராத்திரியும் நிகழ்ச்சியைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். கேமரா இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஆனாலும் இது ஆராதனை என்று கூட்டத்துக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். நடுநடுவே நகைச்சுவை. அரீதா அநேகமாகப் பேசவே இல்லை. பேச்செல்லாம் இவர், பாட்டெல்லாம் அந்தப் பெண். பழைய கேரவன்ஸ் ஏற்பாடேதான்.

'அமேசிங் கிரேஸ்' பாட்டின் நடுவில் ஒரு காட்சி. அரீதா ஒரு வரியை இழுத்து, விட்டு, மறுபடி பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறார். கிளீவ்லண்ட் பியானோவை விட்டு எழுந்துவிடுகிறார். ஹாமில்டன் வந்து உட்கார்ந்து வாசிப்பைத் தொடர, இவர் ஒரு பக்கமாகப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். டெட்ராய்ட் வீட்டில் பியானோவைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை. இரண்டாம் ராத்திரி அப்பா சி. எல். ஃபிராங்க்ளினும் முன்வரிசையில் இருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் பின்னால் எங்கோ நின்று கேட்டார்கள்.

ரெட்டை ஆல்பமாக அந்த வருஷம் ஜூனில் வந்தது. 20 லட்சத்துக்கு மேல் விற்று, அரீதாவின் வாழ்க்கையிலேயே அதிகம் விற்ற ஆல்பம் ஆனது. படம்தான் வரவில்லை. இயக்குநர் சிட்னி பொல்லாக்கின் ஆட்கள் ஷாட் தொடங்கும்போது கிளாப் அடிக்கவில்லை. படச் சுருள் ஒரு பக்கம், ஒலி நாடா ஒரு பக்கம், எந்த உதடு எந்தச் சொல் என்று சேர்க்க வழியில்லாமல் சுருள்கள் முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தன. ஆலன் எலியட் என்பவர் 2007இல் உரிமையை வாங்கிக் கணினி உதவியால் சேர்த்து முடித்தார். அரீதா வழக்குப் போட்டு நிறுத்தினார். அவர் 2018 ஆகஸ்டில் இறந்த பிறகு, நவம்பரில் படம் வெளியே வந்தது. கிளீவ்லண்ட் யார் என்றே தெரியாத ஒரு தலைமுறை அவரைப் பார்த்தது அதில்தான். சினிமாவில் ஒரு கிளாப் கட்டையின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

பிந்தைய வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடலாம், கௌரவங்களின் பட்டியல்தான் அதிகம். நாலு கிராமி விருது. 'ரூட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் இசையில் இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸோடு வேலை. 1980இல் வந்த 'புளூஸ் பிரதர்ஸ்' படத்தில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் போதகராக வந்து ஆடிப் பாடும்போது பின்னால் பாடுவது இவருடைய குழு. 1981இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம், காஸ்பெல் கலைஞர் ஒருவருக்கு அது முதல் தடவை. மஹாலியாவுக்கே அதற்கு ஏழு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. 1978இல் சேலம் இன்ஸ்பிரேஷனல் கொயரோடு பாடிய 'ஐ டோன்ட் ஃபீல் நோ வேஸ் டயர்ட்' (எனக்குக் களைப்பே இல்லை என்கிற பாட்டு, எழுதியவர் கர்டிஸ் பரெல்) வெகுகாலம் கழித்து அரசியலுக்கும் போனது. 2007இல் அலபாமாவின் செல்மா ஊர் ஆலயத்தில் ஹிலரி கிளின்டன் இவர் பெயரைச் சொல்லி அந்த வரிகளைத் தென்மாநில உச்சரிப்பில் சொல்லப்போய்க் கேலிக்கு ஆளானார். அந்த வரியைச் சொல்வதற்கு ஒரு தொண்டை வேண்டும்.

அந்தத் தொண்டை கடைசியில் முழுவதுமே அடங்கிப்போனது. மூச்சு நோய், கழுத்தில் துளையிட்டு வைத்தியம், பல மாதம் பாட்டும் கிடையாது, பிரசங்கமும் கிடையாது. 1991 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தார். அன்று காலையில் குரல் கொஞ்சம் எழும்பியது. சபை முன்னால் நின்று, கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னார், இனி உங்களைப் பார்ப்பேனோ பாடுவேனோ தெரியாது என்றும் சொன்னார். பிப்ரவரி 9 அன்று இதயம் செயலிழந்து இறந்தார், வயது 59. லாஸ் ஏஞ்சல்ஸின் ஷ்ரைன் அரங்கத்தில் நல்லடக்க ஆராதனை நடந்தது, ஆயிரக்கணக்கில் கூட்டம்.

அதே மாதம் கிராமி விருது விழா வந்தது. பாடகர் குழுப் பிரிவில் 'ஹேவிங் சர்ச்' ஆல்பத்துக்கு விருது. அட்டையில் அவர் பெயரும், அவரோடு பாடிய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரின் பெயரும். டெட்ராய்ட்டில் தொடங்கிய மாநாடு இன்னும் நடக்கிறது. காலையில் வகுப்பு, ராத்திரி பாட்டு. சோப்ரானோக்கள் ஒரு பக்கம், ஆல்டோக்கள் ஒரு பக்கம், டெனார்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, முன்னால் நிற்பவர் பாடிக் காட்டுவதைத் திருப்பிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.